மாப்பிள்ளையின் டிரம் செட்டுக்கு நான் போட்ட பாலிஷ்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி கேட்டில் என் வண்டி போய் நின்றாலும் செக்யூரிட்டி சீட்டு கேட்கமாட்டான். கையைக் காட்டி உள்ளே விடுவான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். சைக்கிள் கேரியரில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு பட்டறைகளுக்குப் பின்னால் இரும்புத் துண்டு பொறுக்கினேன். இன்று மூன்று கொட்டகை, இரண்டு லாரி. காயலான் கடைக்காரன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். கொட்டகைக்குள் வந்து பார்த்தவன் அப்படிச் சொல்வதை நிறுத்திவிடுவான்.

பழைய இரும்போடு பழைய டிரம் செட்டும் வாங்கி விற்றிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் அதைச் செய்த ஒரே ஆள் நான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். இதுவரை ஒன்றும் தோன்றவில்லை. நாளெல்லாம் கிரைண்டர் பிடித்த கை சாயங்காலம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. டம்ளரைப் பிடித்தால் பிடித்திருப்பது தெரியாது.

கல்யாணத்துக்குக் கல்யாணம் மெல்லிசைக் குழு வைத்த காலத்தில் டிரம் செட்டு சொந்தமாக வைத்திருந்தவனுக்கு மரியாதையே வேறு. செட்டை விற்று மனை வாங்கியவன் ஒருவனை எனக்குத் தெரியும். அப்புறம் தாளத்தையும் சேர்த்து வாசிக்கிற கீபோர்டு வந்தது. குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஒரு குழு கலைந்தால் ஒரு செட்டு என் தராசுக்கு வரும். ஸ்டாண்டு இரும்பு, அதை எடைக்கு எடுத்துக்கொள்வேன். சிம்பல் என்கிற தட்டு பித்தளைக் கணக்கில் போகும். மர உருளையை யாராவது அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். எத்தனை உருளை எரிந்தது என்று எனக்கே தெரியாது.

ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு போதகர் ஒரு நாள் வந்தார். ஆலயத்தில் பாட்டுக்கு டிரம் வாசிக்கிறார்கள், ஒரு ஸ்டாண்டு உடைந்துவிட்டது, இருந்தால் வேண்டும் என்றார். எடைக்கு வாங்கியதை நாலு மடங்குக்குக் கொடுத்தேன். மனிதர் பேரம் பேசாமல் எனக்காக ஜெபமும் செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தச் செட்டையும் நான் பிரித்து எடைக்குப் போட்டதில்லை.

இதில் எனக்கு ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தது. ஆலயத்துக்கு வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணால் பார்ப்பார்கள். அதனால் செட்டு வந்ததும் இரும்பு, பித்தளை எல்லாவற்றையும் கழற்றி, தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த, முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறைக்கு அனுப்புவேன். குரோம் ஏறி வரும். உருளையின் மேல் ஒட்டியிருக்கும் பழைய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவேன். சிவப்பு கேட்டால் சிவப்பு, நீலம் கேட்டால் நீலம். திருவள்ளூர் வரைக்கும் எத்தனையோ ஆலயத்தில் என் கை பட்ட செட்டு இருக்கிறது. புதுச் செட்டு என்றே நினைத்து வாசிக்கிறார்கள்.

நடுவில் வெளிநாட்டிலிருந்து புதுச் செட்டே மலிவாக வந்து இறங்கியது. பழையதை நாய் கூடச் சீந்தவில்லை. இரண்டு வருடம் ஒரு செட்டுகூட விற்கவில்லை. அதுவும் மாறியது. சென்னையிலிருந்து ஒரு தரகர் வர ஆரம்பித்தார். அமெரிக்காவிலும் லண்டனிலும் செய்த பழைய செட்டாகப் பார்த்துக் கேட்பார். வருகிற ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றினார். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. என்னைத் துடைக்கக்கூட விடமாட்டார். அழுக்கோடு அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். பாலிஷ் காசு என் கைக்கு வந்துவிடக் கூடாது என்று அவரே போட்டு விற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒருவரிடம் போய் இது ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் தங்கையின் கணவர் டிரம்காரர். மாப்பிள்ளை என்றுதான் நான் கூப்பிடுவேன். முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தார். பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பிலிருந்த ஒரு ஆங்கிலோ-இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது தன் செட்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் செய்தது. முத்துச் சிப்பியின் உள்பக்கம் மாதிரி மினுக்குகிற தாள் ஒட்டியது. நான் பார்க்கும்போது அது மஞ்சளாகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை அதைக் கதர்த் துணியால் துடைப்பார். வேறு ஒன்றும் செய்யமாட்டார். "ஒரு வார்த்தை சொல்லு, புதுசாக்கித் தரேன்" என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அவர் சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்தார். காரியம் எல்லாம் நான்தான் முன்னால் நின்று செய்தேன். பந்தல், சாப்பாடு எதிலும் குறையில்லை. அழுதேனா என்றால் அழவில்லை.

தங்கை தன் மகன் வீட்டில் இருந்தாள். நல்ல பையன், கும்மிடிப்பூண்டியிலேயே கம்பெனி வேலை. மருமகளும் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் ஒரே ஒரு படுக்கையறை. மருமகளின் அம்மாவும் அங்கேதான். தங்கை ஹாலில் படுப்பாள். எல்லோரும் டி.வி. பார்த்து முடிக்கும்வரை அவளுக்குப் படுக்க இடம் கிடையாது. மாப்பிள்ளை போன ஏழாம் மாதம் என் கொட்டகைக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"வேப்பம்பட்டுல ஒரு ஊடு பாத்துக்கிறேண்ணா. ஸ்டேஷன்கிட்ட. ஒரு ரூமு, ஒரு சமையல்கட்டு. தரையிலயே. படி ஏற வேணாம். போகியத்துக்குத் தராங்க."

போகியம் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். மூன்று லட்சம் கேட்டிருந்தார்கள்.

"அவ்ளோதானே? நான் தரேன்."

"உன்னாண்ட கேக்க வரல. அவரு செட்டை வித்துக் குடு."

அவள் மகன் செட்டைப் போட்டோ பிடித்து போனில் ஏதோ ஒரு இடத்தில் போட்டிருக்கிறான். பெங்களூரிலிருந்து ஒருவர், பாட்டு ரிக்கார்டிங் செய்கிறவர், பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். செட்டு போட்டோவில் இருக்கிற மாதிரி இருந்தால் மூன்று லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரத்தில் வருவாராம். மாதக் கடைசிக்குள் போகியப் பணம் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். பேரம் பேச அவளுக்குத் தெரியாது, அதனால் என்னிடம் வந்தாள்.

"என் பணத்துக்கு இன்னா குறைச்சல்?" என்றேன்.

"உன் பணத்துக்குக் குறைச்சலே இல்ல. உன் வாய்தான். என் கல்யாணத்துக்கு நீ போட்ட பவுன, போன மாசம் வளைகாப்புலகூட மைக்கு இல்லாமயே சொன்னியே. அந்தத் தெருவே கேட்டுது. இந்த ஊடாவது அவரு குடுத்ததா இருக்கட்டும்."

நான் சொன்னது பொய் இல்லை. பவுன் போட்டேன்தான். ஆனாலும் அவளோடு கிளம்பினேன். செட்டை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மூன்று லட்சத்தை நாலாக்கிக் காட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். அது மாப்பிள்ளை கொடுத்ததாகவும் இருக்கும், என் கைவேலையாகவும் இருக்கும். போட்டோவைப் பார்த்தே மூன்று என்றால், பளபளவென்று நேரில் பார்த்தால் என்ன சொல்வான்? எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. தங்கைக்குப் போனில் சொன்னேன்.

"எதுக்குண்ணா அதெல்லாம்? அவரு துணியால தொடச்சதோட சரி."

"அவருக்கு வாசிக்கத் தெரியும். எனக்கு விக்கத் தெரியும். நீ சும்மா இரு."

பிளேட்டிங் பட்டறைக்காரர் ஆந்திராப் பக்கம். இருபது வருடப் பழக்கம். சாமான்களை இறக்கிப் பரப்பியதும் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, கெழவனுக்குக் கல்யாணமா?"

"மூஞ்சி தெரியற மாதிரி போடு. டப்பு எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

"எம்மூஞ்சி தெரிஞ்சா வாங்க வர்றவன் ஓடிப் போய்டுவான் நைனா."

ரெண்டு பேரும் சிரித்தோம். பழைய நிக்கலை அமிலத்தில் எடுத்துவிட்டு, செம்பு, நிக்கல், குரோம் என்று முறையாக ஏற்றினார். தட்டுகளை மெருகு போடுகிற பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, கறுப்பெல்லாம் போக்கி, தங்கம் மாதிரி எடுத்தார். தட்டில் மையால் அச்சடித்திருந்த எழுத்தும் கறுப்போடு போய்விட்டது. மஞ்சள் தாளை நானே சூடுகாட்டி உரித்தேன். அது நொறுங்கி நொறுங்கி வந்தது. குப்பையோடு கொளுத்தினேன். உருளை ஒவ்வொன்றிலும் வட்டமாகப் பித்தளைத் தகடு ஒன்று அடித்திருந்தது. செய்த கம்பெனி பெயரும் ஒரு நம்பரும் இருக்கும். புதுத் தாள் ஒட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் நெம்பி எடுத்துப் பட்டறைக்காரரின் பித்தளைத் துண்டு டப்பாவில் போட்டேன். அடர் சிவப்புத் தாள் ஒட்டினோம். கொட்டகை நடுவில் நிறுத்தி மேலே டியூப்லைட்டைப் போட்டால் கண் கூசியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு செட்டு செய்ததில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

பெங்களூர்க்காரர் ஒரு காலையில் வாடகைக் காரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் சின்ன டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். டீ சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, போட்டோவில பார்த்த செட்டு எங்கே?"

"அதேதான் சார் இது. ஒண்ணாம் நம்பரா பண்ணி வச்சிக்கிறேன். குரோம் எத்தினி கோட்டு பாருங்க. உங்க ஊர்ல இந்த வேல நடக்காது."

அவர் கிட்டே வந்து குனிந்தார். டார்ச்சை அடிக்கவில்லை.

"முத்துக் கலர்ல தாள் இருந்ததே?"

"மஞ்சளா பழுத்துப் போச்சு சார். உரிச்சுட்டோம்."

"இங்க ரவுண்டா ஒரு தகடு இருக்கும். நம்பர் போட்டது."

"அது சும்மா பித்தளை சார். எடுத்தாச்சு."

அவர் என் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். வெள்ளை பேண்ட்.

"ஐயா, நான் அந்த மஞ்சளுக்குத்தான் வந்தேன்" என்றார்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அந்த நம்பரை வைத்துத்தான் எந்த வருடம் செய்தது என்று கண்டுபிடிப்பார்களாம். தொழிற்சாலையில் போட்ட பூச்சும் தாளும் அப்படியே இருந்தால்தான் விலையாம். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, கை வைத்திருக்கக் கூடாதாம். விரலால் தட்டைத் தட்டினார். "இதையும் சக்கரத்தில குடுத்துட்டீங்க. மெலிஞ்சு போச்சு. சத்தம் போயிடுச்சு பாருங்க" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எத்தனை செட்டு விற்றிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"உள்ளே மரம் நல்லா இருக்கு. மரத்துக்கு நாப்பதாயிரம் தர்றேன். அவ்வளவுதான் ஐயா முடியும்."

"டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றேன். விலையில் நான் யாருக்கும் இறங்கியதில்லை.

அவர் போனதும் பட்டறைக்குப் போனேன். பித்தளைத் துண்டு டப்பா காலியாக இருந்தது. "லோடு நேத்தே போச்சு நைனா. அந்தப் பொட்டுத் தகடுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார் பட்டறைக்காரர். அந்த லோடு எந்தத் தெருவுக்குப் போகும், எந்த உலைக்குப் போகும், எத்தனை மணிக்கு அடுப்பு ஏற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நானே அங்கே எத்தனையோ லோடு போட்டிருக்கிறேன். அதனால் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் என்ன இருக்கும் என்பதும் தெரியும். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அமில வாடை அடித்தது. வழக்கமாக அடிப்பதுதான்.

அன்றே தங்கையிடம் போனேன். பையில் மூன்று லட்சம் எடுத்துக்கொண்டு போனேன். செட்டு விற்றுவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆரம்பாக்கம் ரயில் போவதற்காக கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போது இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். பொய் நன்றாகத்தான் வந்தது.

அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேறு யாரும் வீட்டில் இல்லை. என் முகத்தைப் பார்த்தாளோ, பையைப் பார்த்தாளோ தெரியாது.

"வாங்கினவரு வாசிப்பாராண்ணா? இல்ல, சும்மா வச்சிப்பாரா?" என்றாள்.

அதற்கு நான் பதில் தயார் செய்யவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். குரோம், தாள், தகடு, உலை. அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. காம்பை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் போட்டாள்.

"இதுல மூணு இருக்கு. அதே ஊட்டப் புடி" என்று பையை வைத்தேன்.

"எடு."

"என் தப்புக்கு நான் குடுக்கிறேன். தர்மமா குடுக்கல."

"அடுத்த வளைகாப்புல அதையும் சொல்லுவ. தப்பு பண்ணேன், மூணு லட்சம் குடுத்தேன்னு. அதுலயும் நீதான் பெரிய ஆளா இருப்ப."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. என்னை அப்படிப் பேசிவிட்டு யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அந்த பெங்களூர்க்காரரு இன்னா வெல சொன்னாரு?"

"நாப்பது. நான் தரமாட்டேன்னுட்டேன். ரெண்டு மாசம் பொறு, ஆலயத்துல எவனையாவது புடிச்சு எண்பதுக்குத் தள்ளிடறேன்."

"அது உன் செட்டு இல்லண்ணா" என்றாள். குரல் ஏறவில்லை. "போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அவளே பேசினாள். மரத்துக்கு என்ன தருகிறேன் என்றாரோ அதற்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இன்னொன்றும் கேட்டாள், வாசிப்பீர்களா என்று. அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டாள். பேரம் பேசத் தெரியாது என்று என்னிடம் வந்தவள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தரை வீடு வேறு ஆளுக்குப் போனது. வேப்பம்பட்டிலேயே ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடக்கிற தூரத்தில் மாடியில் ஒரு அறை கிடைத்தது. தகரக் கூரை. மாத வாடகை. நாற்பதாயிரத்தில் அட்வான்ஸ் போக மீதி கொஞ்சம் நின்றது. பக்கத்திலிருக்கும் ஒரு பால்வாடியில் சமையல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு கொடுப்பதென்றால் வீட்டுக்காரர்கள் ஆண் துணை யார் என்று கேட்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று மகனுக்கு ஷிப்ட். அதனால் என்னைக் கூப்பிட்டாள். "வந்து சும்மா உக்காரு, போதும்" என்றாள்.

வீட்டுக்கார அம்மாள் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போட வேண்டும், மாடியில் துணி காயப்போட எந்தக் கொடி என்று எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னா பண்றீங்க?"

மூன்று கொட்டகை, இரண்டு லாரி. நாக்கில் இருந்தது.

"எங்கண்ணன். பழைய சாமான் யாவாரம்" என்றாள் தங்கை.

"அப்போ மாசா மாசம் வாடகைக்கு நீங்கதான் பொறுப்பா?"

"இல்லீங்க. அவங்கதான்" என்றேன்.

அட்வான்ஸை அவள் முந்தானையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாள் மறுபடி எண்ணினார். எழுந்து உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து, ஆம்பளை என்று என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை. தங்கை வாங்கிக்கொண்டாள்.

படி வெளியில் இருந்தது, செங்குத்தாக. அவள் கைப்பிடியைப் பிடித்து, முட்டியில் ஒரு கை வைத்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் பின்னாலேயே ஏறப் போனேன்.

"நீ அங்கயே இருண்ணா. தொறந்து பாத்துட்டு வரேன்" என்றாள்.

கீழே நின்றேன். மேலே பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. கதவு தரையில் உரசித் திறந்தது. அதற்கப்புறம் அவள் உள்ளே நடக்கிற சத்தம். கூப்பிடவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது. நான் வண்டியின் நிழலுக்குப் போய் நின்றேன்.